மன்றோவுக்கு முட்டை

1983இல் ஆவடியிலிருந்து அமெரிக்காவுக்குப் போக எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி எம்.ஏ. வரலாறு. அதில் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு' என்று ஒரு தாள் உண்டு. நூறு மதிப்பெண். பாஸ்போர்ட் வேண்டாம், ஆவடி - சென்ட்ரல் சீசன் டிக்கெட் போதும். அண்ணனூரில் கொலம்பஸ் கிளம்புவார். திருமுல்லைவாயிலில் மேஃபிளவர் கரை தட்டும். வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் பதின்மூன்று குடியேற்றங்களும் அமைந்துவிடும். பேசின் பிரிட்ஜில் சிக்னல் கிடைக்காமல் வண்டி நிற்கிற நேரம் உள்நாட்டுப் போருக்கு. அது எப்போதும் நீண்ட போராகவே இருந்தது.

எங்களுக்குச் சொன்ன புத்தகங்கள் இரண்டு. ஒன்று சி.பி. ஹில் எழுதியது, மற்றது ஹென்றி பாம்ஃபோர்ட் பார்க்ஸ் எழுதியது. ஹில் இங்கிலாந்துக்காரர். பார்க்ஸ் இங்கிலாந்தில் பிறந்து, பிறகு நியூயார்க்கில் பேராசிரியரானவர். மேற்கோள் காட்ட வேண்டுமென்றால் டாக்வில், பிரைஸ், லாஸ்கி: ஒரு பிரெஞ்சுக்காரர், இரண்டு பிரிட்டன்காரர்கள். மருமகள் தனிக்குடித்தனம் போன கதையை மாமியார் சொல்லிக் கேட்டதுபோல, அமெரிக்கா விடுதலை பெற்ற கதையை, யாரிடமிருந்து விடுதலை பெற்றதோ அந்த வீட்டார் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதிலும் ஒரு வசதி. எங்களையும் அதே வீட்டார்தான் ஆண்டார்கள் என்பதால், கதையில் எந்த இடத்தில் மழுப்புவார்கள் என்பது எங்களுக்கு ஓரளவு அத்துப்படி.

வீட்டில் வேறு அமெரிக்கா இருந்தது. அப்பாவுக்கு டேங்க் ஃபேக்டரியில் வேலை. கனரக வாகனத் தொழிற்சாலை என்று அதற்குப் பெயர் உண்டு, ஆனால் குவார்ட்டர்ஸில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 1960களில் விஜயந்தா டாங்கி அங்கே வந்தது விக்கர்ஸ் என்கிற இங்கிலாந்துக் கம்பெனியின் வரைபடத்தில். 1980களில் டி-72 வந்தது ரஷ்யர்களோடு. அப்பா இரண்டையும் பார்த்தவர். நான் ஜெஃபர்சன், ஹாமில்டன் என்று உரக்கப் படித்தால் முகம் கோணுவார்.

"அமெரிக்காக்காரன் பெருமைய எங்கிட்ட சொல்லாதடா. அறுபத்தஞ்சுல கெம்கரன்ல அவன் பாட்டன் டாங்கி அத்தினியும் கரும்புத் தோட்டத்துச் சேத்துல சிக்கிக்கிட்டு நின்னுது."

பாட்டன் டாங்கியை ஓட்டி வந்தது பாகிஸ்தான் ராணுவம் என்பதெல்லாம் அப்பாவுக்குப் பொருட்டில்லை. செய்தவன் எவனோ அவனுக்குத்தான் பழி. தொழிற்சாலைக்காரரின் வரலாற்றுப் பார்வை அது. அப்படி ஒன்றும் மோசமான பார்வையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

புத்தகங்களுக்கு அட்டை போட 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழத் தாள். ஆகவே என் அமெரிக்க வரலாற்று நோட்டின் மேல் உக்ரைனில் டிராக்டர் ஓட்டும் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வண்டி குவார்ட்டர்ஸ் பக்கம் வந்தால் மூன்று ரூபாய்க்குக் கெட்டி அட்டைப் புத்தகம் கிடைக்கும். (அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இன்று அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கிறது. அதைச் சுற்றி அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் கண்ணாடிக் கட்டடங்கள்.) 1918இல் அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு லெனின் எழுதிய கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். அமெரிக்கச் சுதந்திரப் போரை உண்மையான புரட்சிப் போர் என்று அவர் மனம்விட்டுப் பாராட்டியிருந்தார். ஹில் அந்த அளவுக்குப் பாராட்டியதாக நினைவில்லை.

அதற்கும் முன்னால், ஆரம்பப் பள்ளியில், அமெரிக்கா எங்களுக்குச் சாக்கு வடிவில் அறிமுகம். மதிய உணவுக்கு வந்த கோதுமை ரவைச் சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும். ஒன்று அவர்கள் கை, ஒன்று நம்முடையது என்று வாத்தியார் சொன்னார். எது யாருடையது என்று எங்களுக்குள் தகராறு. ரவை தீர்ந்ததும் ஆயா சாக்கைப் பிரித்துத் தைத்து மிதியடியாக வாசலில் போட்டுவிடுவார். இரு நாட்டு நல்லுறவை மிதித்துக்கொண்டுதான் நாங்கள் இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தோம்.

பின்னால்தான் தெரிந்தது, நாங்கள் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு ஒரு பெரிய பெயர் இருக்கிறதென்று. 1997 முதல் 2000 வரை தாமஸ் பெண்டர் என்கிற நியூயார்க் பேராசிரியரின் முயற்சியில் வரலாற்றாசிரியர்கள் பலர் இத்தாலியில், ஃபிளாரன்ஸ் நகரத்து லா பியெட்ரா மாளிகையில் கூடினார்கள். ஆலிவ் தோட்டமும் பழைய சிலைகளும் உள்ள இடம். பேசி முடித்து 2000இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அமெரிக்க வரலாற்றை அமெரிக்க எல்லைக்குள் அடைத்துப் படித்தது போதும், கடல் கடந்தும் நாடு கடந்தும் பார்க்க வேண்டும், வெளிநாட்டார் எழுதுவதையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல அறிக்கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஃபிளாரன்ஸ் வரை போயிருக்க வேண்டாம். இங்கிலாந்துக்காரர் புத்தகம், ரஷ்யத் தாளில் அட்டை, அமெரிக்கக் கோதுமை வளர்த்த உடம்பு, பாட்டன் டாங்கியைத் திட்டும் அப்பா என்று நாடு கடந்த பார்வையைத் தவிர வேறு பார்வையே எங்களிடம் இல்லை.

இல்லாதது ஒன்றே ஒன்றுதான். நாங்கள் நின்ற இடம் அந்த வரலாற்றுக்குள் எங்கே வருகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. அதை ஒருவன் தப்பாகச் சொல்லப்போய் முட்டை வாங்கினான்.

எங்கள் வகுப்பில் திருமழிசைப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்துகொண்டிருந்தான். கத்தரிக்காய், கீரை போடும் குடும்பம். பூந்தமல்லிக்குச் சைக்கிள், அங்கிருந்து பஸ். உள்தேர்வில் 'மன்றோ கோட்பாட்டை விளக்குக' என்று பத்து மதிப்பெண் கேள்வி. அவன் எழுதிய பதிலைப் பேராசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். அங்கவடி இல்லாத குதிரையில் வந்த மன்றோ, 1823இல், ஐரோப்பியர் எவரும் இனி அமெரிக்கக் கண்டத்தில் புதிதாகக் கால் பதிக்கக்கூடாது என்று அறிவித்தார், பிறகு உழவர்களுக்கு நேரடியாகப் பட்டா வழங்கினார் என்று போயிற்று அந்தப் பதில்.

"ஒரு மன்றோ வாஷிங்டன்ல. இன்னொரு மன்றோ மவுண்ட் ரோட்டுல. ரெண்டு பேரையும் ஒரே குதிரையில ஏத்திட்டியேடா!"

வகுப்பே சிரித்தது. பத்துக்கு முட்டை. ஜேம்ஸ் மன்றோ அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தது 1817 முதல் 1825 வரை. தாமஸ் மன்றோ சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தது 1820 முதல் 1827 வரை. இருவரும் ஒரே காலத்து ஆட்கள். தீவுத்திடல் பக்கம் பஸ்ஸில் போகிறவன் தினம் பார்க்கிற மன்றோ குதிரையில் உட்கார்ந்திருக்கும்போது, பார்க்காத மன்றோவை அவன் எங்கே போய் உட்கார வைப்பான்?

பூந்தமல்லி அரசுப் பள்ளியில் நான் வாத்தியாராகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தாமஸ் மன்றோவின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. அவருடைய அப்பா அலெக்சாண்டர் மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வியாபாரி. வர்ஜீனியாவோடு வியாபாரம். வர்ஜீனியா என்றால் புகையிலை. 1775இல் குடியேற்றங்களில் போர் மூண்டது. அங்கிருந்து வரவேண்டிய பணம் அங்கேயே நின்றது, வியாபாரம் படுத்தது, குடும்பம் நொடித்துப்போயிற்று. பையனுக்கு ஏதாவது ஒரு பிழைப்பு வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேடட் வேலை வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். 1780 ஜனவரியில் பதினெட்டு வயதுத் தாமஸ் மன்றோ சென்னையில் வந்து இறங்கினார். வாஷிங்டனும் ஜெஃபர்சனும் சும்மா இருந்திருந்தால் அந்த ஆள் கிளாஸ்கோவில் புகையிலைக் கணக்கு எழுதிக் காலம் தள்ளியிருப்பார்.

திருமழிசைக்காரன் முட்டை வாங்கிய பதிலில் உண்மை இருந்தது, வரிசைதான் பிசகியிருந்தது. அமெரிக்கப் புரட்சிக்கும் அவன் வீட்டுப் பட்டாவுக்கும் சம்பந்தம் உண்டு. இன்னும் நெருங்கிப் பார்த்தால் அந்தச் சம்பந்தத்தில் வேறொரு ஆளும் வருகிறார். 1781 அக்டோபர் 19ஆம் தேதி யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். உடம்பு சரியில்லை என்று சொல்லி, சரணடையும் சடங்குக்குத் தனக்கு அடுத்தவரை அனுப்பியவர். ஒரு கண்டத்தையே கோட்டை விட்டவருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் தெரியுமா? 1786இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரல். வந்தவர் திப்புவோடு போரிட்டு, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கிக்கொண்டார். கூடவே பாராமகாலையும் எடுத்துக்கொண்டார், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். அங்கே நிலவரி வசூலிக்க அலெக்சாண்டர் ரீடை அனுப்பி, அவருக்கு உதவியாளராக மன்றோவையும் போட்டார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழவன் பெயரிலேயே வரி போடும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருவெடுத்தது. யார்க்டவுனில் தோற்றவர் பிடித்துக் கொடுத்த நிலத்தில், வர்ஜீனியாவில் கெட்ட குடும்பத்துப் பையன் கற்றுக்கொண்ட வேலை அது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று 'கிளியர் பட்டா, உடனடிப் பதிவு' என்று பேனர் கட்டியிருக்கும் மனை வியாபாரிகள் இவர்கள் இருவர் படத்துக்கும் மாலை போட்டால் தகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தேயிலை. 1773 டிசம்பர் 16ஆம் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அது யாருடைய தேயிலை? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. விற்காமல் லண்டன் கிடங்குகளில் மலைபோலக் குவிந்திருந்த தேயிலையை அமெரிக்கர் தலையில் கட்டத்தான் 1773இல் தேயிலைச் சட்டம் வந்தது. கம்பெனி அந்த நிலைக்கு வரக் காரணங்கள் பல. 1770இன் வங்காளப் பஞ்சம் ஒன்று, 1772இல் லண்டன் வங்கிகள் நொடித்தது ஒன்று. ஆனால் கம்பெனிப் பங்குகளின் மதிப்பு சரியத் தொடங்கியது 1769இல். ஏன்? ஹைதர் அலி. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் அவர் குதிரைப்படையோடு பரங்கிமலை வரை வந்து நின்றார். சென்னைக் கோட்டையிலிருந்த வெள்ளைக்காரர்கள் அவர் சொன்ன நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஹைதர் முன்னேறுகிறார் என்ற செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் பங்குச் சந்தையில் கிலி. பரங்கிமலைக்கு வந்த குதிரைக்கும் பாஸ்டனில் விழுந்த தேயிலைக்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் கோடு இருக்கிறது. பூந்தமல்லிக்காரனுக்கு அந்தக் கோட்டின் இந்த முனையிலிருந்து கதை சொன்னால் அவன் தூங்கமாட்டான். நான் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கர்களுக்கு இது அப்போதே தெரிந்திருந்தது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பென்சில்வேனியாக்காரர்களின் ஒரு சின்னக் கப்பல் பிடித்தது. அந்தச் சின்னக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் துவம்சம் செய்தவர்கள். பொது எதிரியை அடித்தவன் பெயரைக் கப்பலுக்கு வைக்க அவர்களுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

எங்களுக்கோ அமெரிக்கத் தாள் காலையில், கர்நாடக, மைசூர்ப் போர்கள் மதியத்தில். அறையும் கரும்பலகையும் ஒன்றுதான், பேராசிரியர்கள் மட்டும் வேறு. காலைப் பேராசிரியர் '1781 - யார்க்டவுன்' என்று எழுதிவிட்டுப் போவார். மதியப் பேராசிரியர் வந்து, யாரப்பா துடைக்காமல் போனது என்று சலித்துக்கொண்டே டஸ்டரால் அழித்துவிட்டு, அதே இடத்தில் '1781 - பரங்கிப்பேட்டை' என்று எழுதுவார். அயர் கூட் ஹைதரைத் தோற்கடித்த சண்டை. சாக்பீஸ் தூசியில் யார்க்டவுனின் ட இன்னும் தெரியும். இரண்டும் ஒரே போரின் இரண்டு முனைகள் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் ஓய்வறையில் இருவரும் ஒரே பிளாஸ்கிலிருந்து காபி குடிப்பவர்கள்.

ஒரே போர்தான். 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்தது. அந்த ஆண்டே ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பிறகு பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேன் கப்பற்படையோடு வந்தார். 1782இல் மட்டும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று கடலோரமெல்லாம் பீரங்கிச் சண்டை. 1783 ஜனவரியிலேயே ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டன. செய்தி கப்பலில்தான் வரவேண்டும். அது வருவதற்குள் ஜூன் மாதம் கடலூரில் தரையில் ஒரு சண்டை, 20ஆம் தேதி கடலில் ஒரு சண்டை, இருபுறமும் ஏகப்பட்ட சாவு. மாதக் கடைசியில் கப்பல் வந்து போர் எப்போதோ முடிந்துவிட்டது என்று சொன்னது. அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை நடந்தது மாசசூசெட்ஸிலோ வர்ஜீனியாவிலோ இல்லை, கடலூரில். எம்.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கிய எனக்கு அது தெரியாது. கடலூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த நண்பனுக்கும் தெரியாது.

அது அன்று. இன்றைய நிலைமையைச் சொல்கிறேன்.

அம்பத்தூர் அப்போது இங்கிலாந்தின் தொழிற்பேட்டை. 1949இல் பர்மிங்காம் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், பத்து வருஷம் கழித்து வந்த டன்லப், 1960களில் அரசு எஸ்டேட். சாயங்காலம் சங்கு ஊதினால் எம்.டி.எச். ரோடு முழுக்க ஹெர்குலிஸ் சைக்கிள்கள். இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே ரோட்டில் வெள்ளை நிறக் கேப்கள், எல்லாம் எஸ்டேட்டை நோக்கி. அமெரிக்காவில் அப்போதுதான் விடியப்போகிறது. என் மகள் அதில் ஒன்றில் போகிறாள். மெடிக்கல் பில்லிங், ஏ.ஆர். காலராகச் சேர்ந்து இப்போது டீம் லீடர். அமெரிக்க நோயாளிக்கு அமெரிக்க ஆஸ்பத்திரி போட்ட பில்லுக்கு அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏன் பணம் தரவில்லை என்று அம்பத்தூரிலிருந்து போன் போட்டுக் கேட்கும் வேலை. போனில் அவளுக்கு வேறு பெயர்.

"ஃபர்ஸ்ட் பேஷண்ட் எந்த ஸ்டேட்டுன்னு பாக்கணும்பா. நியூயார்க்னா ஒரு ரூல், டெக்சாஸ்னா வேற ரூல். டெக்சாஸ்காரங்க மெடிக்கெய்டு எக்ஸ்பேன்ஷன் எடுத்துக்கல."

"ஏம்மா எடுத்துக்கல?"

"அது எனக்கெதுக்குப்பா? டினயல் கோடு தெரிஞ்சா போதும்."

மாநில உரிமைகள் என்ற தலைப்பில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். 1787 பிலடெல்பியா மாநாடு, ஹாமில்டன் ஒரு பக்கம், ஜெஃபர்சன் ஒரு பக்கம், 1861இல் பிரிந்துபோன தென் மாநிலங்கள். ஆனால் ஒரு மாநிலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அங்கே ஓர் ஏழையின் ஆஸ்பத்திரி பில் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இவளுக்கு அந்த பில் தெரியும். ஐம்பது மாநிலமும் விரல் நுனியில். ஏன் ஐம்பதும் ஐம்பது விதமாக இருக்கின்றன என்பது மட்டும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எங்களுக்கு அமெரிக்கா இல்லாமல் அதன் வரலாறு கிடைத்தது, இவளுக்கு வரலாறு இல்லாமல் அமெரிக்கா. சம்பளம் எதற்கு அதிகம் என்று கேட்காதீர்கள்.

மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் எங்கள் வீட்டில் முக்கியமான தினங்கள். அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார்கள், இங்கே கேப் வரும் நேரம் ஒரு மணி நேரம் மாறுகிறது, சாம்பார் கொதிக்கும் நேரம் மாறுகிறது. எஸ்டேட் வாசல் டீக்கடைக்காரர் என்னைக் கேட்டார், "அங்க டைம் மாத்திட்டானா சார்? பால் எப்ப காய்ச்சணும்னு தெரியல." அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதியில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்று என் மகள் அவருக்கு விளக்கினாள். அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பொங்கலுக்கு அவளுக்கு லீவு சந்தேகம். நவம்பர் நான்காம் வியாழன், நன்றி அறிதல் நாளுக்கு லீவு நிச்சயம். அந்த நாளை நாடு முழுவதற்கும் 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே அறிவித்தவர் லிங்கன் என்றேன். "தேங்க்ஸ் லிங்கன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் தூதரக நூலகத்துக்கு நாங்கள் அப்போது போனது பாதி புத்தகத்துக்கு, மீதி ஏ.சி.க்கு. மே மாதத்தில் ஜெஃபர்சன் மேல் எங்களுக்கு ஆர்வம் கூடிவிடும். இன்று அதே சுவருக்கு வெளியே பிள்ளைகளும் பெற்றோர்களும் கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நன்றாகத்தான் நகர்கிறது. அதில் நிற்கும் யாருக்கும் இந்த ஊருக்கு அமெரிக்கத் தூதரகப் பிரதிநிதி முதன்முதலில் நியமிக்கப்பட்டது 1794இல் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்கும் நான்கு வருஷம் முன்பே, 1790 டிசம்பரில், மாசசூசெட்ஸின் சேலம் நகரத்துப் பாதிரியார் ஒருவர் சென்னையிலிருந்து கப்பலில் வந்த ஓர் ஆளைப் பார்த்துவிட்டு நாட்குறிப்பில் குறித்துவைத்தார். நல்ல உயரம், கருத்த நிறம், நீண்ட கருங்கூந்தல், சாந்தமான முகம். பெயரை எழுதவில்லை. எந்த விசாவில் போனார் என்றும் தெரியாது.

கோதுமைக்கு வருவோம். 1954இல் வந்த பி.எல். 480 சட்டத்தின்படி நமக்குக் கோதுமை கொடுத்த அமெரிக்கா அதற்கு ரூபாயாகப் பணம் வாங்கிக்கொண்டது. ரூபாயை அமெரிக்காவில் செலவழிக்க முடியாது, இங்கேதான் செலவழிக்க வேண்டும். என்ன வாங்குவது? 1962 முதல் புத்தகமும் வாங்கினார்கள். நாவல், வார இதழ், கட்சிப் பிரசுரம், பக்திச் சிற்றேடு என்று இந்திய மொழிகளில் அச்சானதையெல்லாம் வாங்கிக் கப்பலேற்றிப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். நாங்கள் ரவையைத் தின்றோம், சிகாகோ நம் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகப் பைண்டு செய்து வைத்துக்கொண்டது. தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுத வேண்டுமானால் சிகாகோ போ என்று ஆய்வாளர்கள் சொல்ல ஆரம்பித்தது அப்படித்தான். பிறகு கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை, அவர் காலமான பிறகு, அந்தச் சிகாகோ பல்கலைக்கழகமே வாங்கியது. ஆனால் இந்தத் தடவை கப்பலேற்றவில்லை. 1994இல் இங்கேயே நூலகமாகத் திறந்தார்கள். எங்கே? முகப்பேரில், அம்பத்தூருக்கு அடுத்த நிறுத்தத்தில். இப்போது தரமணிக்குப் போய்விட்டது. அமெரிக்க வரலாற்றை எங்கோ தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அமெரிக்கா நம் வரலாற்றை முகப்பேரில் கொண்டுவந்து வைத்தது ஒரு நல்ல விஷயம். இதில் கிண்டலே இல்லை.

2026 ஜூலை 4 அன்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 வயது. அங்கே வாணவேடிக்கை இருக்கும், இங்கே எஸ்டேட்டில் லீவு இருக்கும். கல்லூரி வரலாற்றுத் துறையில் இன்னும் யாராவது அந்தத் தாளை நடத்திக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலைத் தாளையும் மதியத் தாளையும் ஒரு வாரத்துக்காவது சேர்த்து நடத்துங்கள். பாடத்திட்டக் குழு, பல்கலைக்கழக அனுமதி என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம், இரண்டு பேராசிரியர்கள் ஒரு பிளாஸ்க் காபியில் பேசி முடிக்கக்கூடிய காரியம். பிள்ளைகளைக் கடலூருக்குக் கூட்டிப்போய்க் கடற்கரையில் நிறுத்தி, அமெரிக்கப் போர் முடிந்த இடம் இது என்று சொல்லுங்கள். மன்றோ பற்றிக் குழப்பி எழுதுகிறவனுக்கு இரண்டு மதிப்பெண்ணாவது போடுங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கோட்டைக்குப் போகலாம். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸுக்குச் சென்னைவாசிகளான வெள்ளைக்காரர்கள் எழுப்பிய பளிங்குச் சிலை அங்கே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பீடத்தில் திப்புவின் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி செதுக்கியிருக்கிறது, யார்க்டவுன் இல்லை. சரணடைய ஆள் அனுப்பியவர் இங்கே நேரிலேயே இருக்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.